‘நீங்க’ இல்லாத மொழியில் மரியாதை

கொரியாவின் சுவோன் நகரில் நான் தங்கியிருந்தது ஒரு மாடி அறை. கீழ்வீட்டில் வீட்டுக்காரப் பாட்டி. எழுபதைத் தாண்டியவர். கம்பெனிப் பயிற்சிக்காக ஆறு மாதம் போயிருந்தேன். கிளம்புவதற்கு முன் மொபைல் ஆப்பில் இரண்டு மாதம் கொரியன் படித்ததில், வாக்கியத்தின் கடைசியில் ‘யோ’ சேர்த்துவிட்டால் மரியாதை வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். முதல் வாரம் படிக்கட்டில் பாட்டியைப் பார்த்ததும் தைரியமாகக் கேட்டேன்: “ஹல்மொனி, பாப் மொகொஸ்ஸொயோ?”

பாட்டி கோபப்படவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் கேட்டதைத் தமிழில் வைத்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: “பாட்டி, சோறு தின்னியாங்க?”

அந்த ‘ங்க’தான் நான் பத்திரமாக ஒட்டிவிட்ட ‘யோ’. அது இருந்தது. ஆனால் ‘சோறு’ம் ‘தின்னியா’வும் அப்படியே நின்றன. “ஜின்ஜி தூஷொஸ்ஸொயோ?” என்று கேட்டிருக்க வேண்டும். சோற்றுக்கும் வேறு சொல், தின்பதற்கும் வேறு சொல்.

கொரியனில் மரியாதை கஷ்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவருக்கு அது சரி. வாடா, வா, வாங்க என்று மூன்று படிகளில் ஒரு நாளைக்கு நூறு முறை ஏறி இறங்கும் நமக்கு மரியாதை புதிதல்ல. நாம் சறுக்குவது வேறு இரண்டு இடங்களில். அங்கே மரியாதை ஒரே வாக்கியத்தில் இரண்டு பேருக்குத் தனித்தனியாக அளக்கப்படுகிறது. அடுத்தது, யார் வந்தாலும் தூக்கிப் பிடிக்க நம்மிடம் ‘நீங்க’ என்று ஒரு குடை இருக்கிறதே, அந்தக் குடை அவர்களிடம் இல்லை.

இரண்டு தராசு

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒருவர் “மழை பெய்யுதுங்க” என்கிறார். இந்த ‘ங்க’ யாருக்கு? மழைக்கு இல்லை, கேட்டுக்கொண்டிருப்பவருக்கு. கொரியனின் ‘யோ’ அதேதான். “பிகா வா” என்றால் ‘மழை பெய்யுது’. “பிகா வாயோ” என்றால் ‘மழை பெய்யுதுங்க’. இது முதல் தராசு: எதிரே நிற்பவருக்கு எவ்வளவு மரியாதை.

இரண்டாவது தராசு, யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவருக்கு. நாம் ‘வந்தான்’ என்பதை ‘வந்தார்’ ஆக்குவது போல, கொரியனில் வினையின் நடுவில் ‘ஷி’ என்று ஒரு அசையைச் செருகுவார்கள். நண்பனிடம் “அப்பா வந்துட்டாருடா” என்கிறோம் இல்லையா? ‘ஆர்’ அப்பாவுக்கு, ‘டா’ நண்பனுக்கு. கொரியனில் “அபொஜி ஓஷொஸ்ஸொ”. ‘ஷி’ இருக்கிறது (இறந்தகாலத்தில் ‘ஷொ’ என்று உருமாறி), ‘யோ’ இல்லை. மேலதிகாரியிடம் “அந்தப் பய வந்துட்டானுங்க” என்றால் தலைகீழ்: “க்யே வாஸ்ஸொயோ”. ‘யோ’ இருக்கிறது, ‘ஷி’ இல்லை. அப்பா வந்ததை அதிகாரியிடம் சொல்வதானால் இரண்டும் வேண்டும்: “அபொஜி ஓஷொஸ்ஸொயோ”.

பாட்டியிடம் நான் விழுந்தது இங்கேதான். சாப்பிட்டவரும் பாட்டி, கேட்டுக்கொண்டிருந்தவரும் பாட்டி. ஒரு தராசில் வைத்துவிட்டு மற்றதைக் காலியாக விட்டுவிட்டேன்.

மழைக்கு ‘வா’ என்றதைக் கவனித்தீர்களா? கொரியனில் ‘ஓதா’ என்றால் வருவது. மழையும் அங்கே ‘வருகிறது’. அந்த வினையை நெருக்கமாகச் சொன்னால் ‘வா’. நண்பனைக் கூப்பிடவும் அதே ‘வா’தான். “இரி வா” என்றால் ‘இங்கே வா’. முதல் முறை கேட்டபோது எனக்குக் கொஞ்சம் புல்லரித்தது. அந்த ஒற்றை வினையை வைத்தே படிகளைப் பார்த்துவிடலாம். கூடப் படித்தவனிடம் “வா”. பழகிய, ஆனால் உரிமை எடுத்துக்கொள்ளாத ஒருவரிடம் “வாயோ”. பெரியவரிடம், கடைக்கு வரும் வாடிக்கையாளரிடம் “ஓசேயோ”. ‘ஷி’யும் ‘யோ’வும் உருகிச் சேர்ந்ததுதான் இந்த ‘சேயோ’. விமான நிலைய அறிவிப்பு, பெரிய ஓட்டல் வாசல் என்றால் “ஓஷிப்ஷியோ”. கடைக்குள் நுழைந்ததும் காதில் விழும் “ஒசொ ஓசேயோ” நம்முடைய “வாங்க வாங்க”.

இலக்கணப் புத்தகங்கள் இப்படி ஆறு படி சொல்லும். பயந்துவிடாதீர்கள். ஒன்று, மாமனார் மருமகனிடமும் வயதான பேராசிரியர் வளர்ந்துவிட்ட மாணவரிடமும் பேசுவது. உங்களுக்கு இப்போதைக்கு வேலை இல்லை. இன்னொன்று சரித்திர நாடகங்களில் வருவது. நிஜ வாழ்க்கையில் அதைக் கடைக் கதவில் பார்க்கலாம்: “தங்கிஷிஓ” என்றால் இழுக்கவும், “மிஷிஓ” என்றால் தள்ளவும். ‘யோ’ இல்லாத பேச்சுக்குப் ‘பான்மால்’ என்று பெயர், அதாவது பாதிப் பேச்சு. மரியாதைப் பேச்சு ‘ஜோன்டேன்மால்’. புதிதாகக் கற்பவர் ‘யோ’ படியில் உறுதியாக நின்றுகொண்டு, செய்திகளிலும் கூட்டங்களிலும் வரும் ‘ம்னிதா’ முடிவைக் காதால் அடையாளம் கண்டால் போதும். ராணுவத்தில் ஒரு காலத்தில் அந்த இறுக்கமான முடிவைத் தவிர வேறெதுவும் வாயில் வரக்கூடாது. 2016-இல்தான் அதைத் தளர்த்தி, சாதாரணப் பேச்சில் ‘யோ’வையும் அனுமதித்தார்கள்.

ஒரு பொறி மட்டும் இருக்கிறது. ‘ஷி’ ஒருபோதும் தனக்குத் தானே கிடையாது. யாராவது “ஓதி கசேயோ?”, அதாவது எங்கே போறீங்க என்று கேட்டால், காதில் விழுந்த ‘கசேயோ’வையே திருப்பி “ஹக்யோ கசேயோ” என்று வாய் சொல்லிவிடும். அதன் அர்த்தம், ‘நான் காலேஜுக்குப் போறாருங்க’. “ஹக்யோ காயோ” என்பதுதான் சரி. முதல் மாதம் எல்லோரும் இதில் விழுவார்கள்.

மாறிப்போகும் சொற்கள்

சில வினைகளுக்கு ‘ஷி’ செருகினால் போதாது, வினையே மாற வேண்டும். சாப்பிடுவது ‘மொக்தா’, பெரியவர் சாப்பிட்டால் ‘தூஷிதா’. தூங்குவது ‘ஜாதா’, பெரியவர் தூங்கினால் ‘ஜுமுஷிதா’. இருப்பது ‘இத்தா’, பெரியவர் இருந்தால் ‘கேஷிதா’. இறந்தால் ‘தோராகஷிதா’, சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘திரும்பிப் போனார்’. நாம் ‘செத்தான்’ என்பதை விட்டு ‘காலமானார்’ என்கிறோமே, அதே கூச்சம். பெருமாள் தூங்குவதில்லை, கண்வளர்கிறார். சாப்பிடுவதில்லை, அமுது செய்கிறார். அந்த அளவு ஏற்பாட்டைக் கொரியர்கள் வீட்டுப் பாட்டிக்குச் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

பெயர்ச்சொற்களிலும் கொஞ்சம் உண்டு. சோறு ‘பாப்’, பெரியவருக்கு ‘ஜின்ஜி’. வீடு ‘ஜிப்’, பெரியவர் வீடு ‘தேக்’. வயதுக்கு ‘நாயி’, பெரியவர் வயதுக்கு ‘யொன்சே’. எழுபது வயதுக்காரரிடம் ‘நாயி’ என்று கேட்டால் தமிழ்க் காதுக்கு மட்டுமல்ல, கொரியக் காதுக்கும் உறுத்தும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது: அவரை உயர்த்துவதோடு தன்னைத் தாழ்த்துவது. ‘நான்’ என்பதற்கு நண்பர்களிடம் ‘நா’. பெரியவரிடம் அதுவே ‘ஜொ’. கொடுப்பது ‘ஜுதா’, பெரியவருக்குக் கொடுத்தால் ‘தூரிதா’. இது நமக்கு அந்நியம் என்று நினைத்தால், தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தாழ்ந்தவன் கேட்டால் ‘ஈ’, சமமானவன் கேட்டால் ‘தா’, உயர்ந்தவன் கேட்டால் ‘கொடு’ என்று அங்கே பிரித்துவைத்திருக்கிறது. நாம் அந்த வித்தியாசத்தைத் தொலைத்துவிட்டோம். அவர்கள் வைத்திருக்கிறார்கள்.

குடை இல்லாத ஊர்

இனி ‘நீங்க’ விஷயம். ‘நீ’ என்பதற்கு ‘நொ’ என்று ஒரு சொல் உண்டு. நண்பனிடமும் சின்னவர்களிடமும் மட்டும். ‘நீங்கள்’ என்று அகராதியில் தேடினால் ‘தாங்ஷின்’ வரும். தமிழருக்கு இது கண்ணி. ‘தாங்கள்’ மாதிரியே ஒலிக்கிறதே என்று சந்தோஷமாக எடுத்துக்கொள்வோம். எடுக்காதீர்கள். ‘தாங்ஷின்’ புழங்குவது பாட்டுகளில், விளம்பரங்களில், நடுவயதுக் கணவன் மனைவிக்கு நடுவில், அப்புறம் தெருச் சண்டையில். இரண்டு கார்கள் உரசிக்கொண்டால் இறங்கி வருகிறவர் வாயில் வருவது அதுதான். முன்பின் தெரியாத ஒருவரிடம் நீங்கள் சொன்னால், சண்டைக்கு வந்திருக்கிறீர்கள் என்றுதான் அவர் நினைப்பார்.

வேடிக்கை என்னவென்றால், அதே ‘தாங்ஷின்’ அங்கே இல்லாத ஒரு பெரியவரைக் குறிக்கும்போது உச்ச மரியாதை. ‘தாத்தா தாமே நட்ட மரம்’ என்பதில் வரும் ‘தாம்’ போல. ‘தாம்’ என்பதிலிருந்து ‘தாங்கள்’ வந்த நம் கதையை நினைத்துக்கொண்டால் இது மறக்காது. உறவு இருப்பதாகச் சொல்லவில்லை, ஞாபகம் வைக்க ஒரு வழி.

அப்படியானால் எதிரே இருப்பவரை எப்படிக் குறிப்பிடுவது? ஒன்று, எதுவும் சொல்லாமல் வினையை மட்டும் சொல்லலாம். இல்லாவிட்டால் பதவியையோ உறவையோ சொல்ல வேண்டும். ஆசிரியரிடம் நேருக்கு நேர் “சொன்செங்நிம், ஓதி கசேயோ?” என்பார்கள். நாம் “சார் சாப்பிட்டாச்சா?” என்கிறோமே, அதே வழி. நமக்கு அது ஒரு வசதி, அவர்களுக்கு வேறு வழியே இல்லை. அதனால்தான் வாயைத் திறப்பதற்கு முன் எதிரே இருப்பவர் யார் என்று முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. அதற்கு முதலில் வேண்டியது வயது.

புதிதாகப் பழகும் இரண்டு பேர் பத்து நிமிடத்துக்குள் எந்த வருஷம் பிறந்தீர்கள் என்று கேட்டுக்கொள்வது இதனால்தான், வம்புக்காக இல்லை. ஒரு வருஷம் மூத்தவர் என்றால் அவர் மூத்தவர்தான். ‘ச்சிங்கு’ என்றால் நண்பன் என்று படித்திருப்பீர்கள். அது பெரும்பாலும் சமவயதுக்காரனுக்குத்தான். மூன்று வயது மூத்தவர் எவ்வளவு நெருங்கினாலும் அண்ணனே. பிறந்த குழந்தைக்கு ஒரு வயது, புத்தாண்டு பிறந்தால் எல்லோருக்கும் இன்னொரு வயது என்று எண்ணும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. டிசம்பர் 31 அன்று பிறந்த குழந்தை மறுநாள் இரண்டு வயதுக்காரன்! 2023 ஜூன் 28 முதல் சட்டப்படி பிறந்தநாள் கணக்குக்கு மாறிவிட்டார்கள். ஆனால் அறிமுகத்தில் இன்றும் கேட்பது பிறந்த வருஷத்தைத்தான்.

யாரை எப்படிக் கூப்பிடுவது

மூத்தவர் பெயரைச் சின்னவர் சொல்லிக் கூப்பிட மாட்டார். பெயரைச் சொல்லவே இருக்கும் தயக்கத்துக்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று. அப்பா பெயர் என்ன என்று கேட்டால், மரியாதை தெரிந்த கொரியர் ‘ஹோங் கில்தோங்’ என்று நேராகச் சொல்ல மாட்டார். “ஹோங், கில்-ஜா, தோங்-ஜா” என்பார். அதாவது ‘கில் என்ற எழுத்து, தோங் என்ற எழுத்து’. பெயரை உச்சரிக்காமல் எழுத்துக் கூட்டிக் காட்டுகிறார். கணவர் பெயரை வாயால் சொல்லாத நம் பாட்டிமார்களுக்கு இது உடனே புரியும்.

பெயரோடு ‘ஸ்ஸி’ சேர்க்கலாம் என்று எல்லா ஆப்பும் சொல்லித்தரும். சம நிலையில் இருப்பவருக்கு அது சரி. மேலதிகாரிக்கும் ஆசிரியருக்கும் கூடாது. அதைவிட, குடும்பப் பெயரோடு மட்டும் சேர்த்து “கிம் ஸ்ஸி” என்பது கூலிக்காரரை அதட்டுவது போல ஒலிக்கும். 2015 மக்கள்தொகைக் கணக்கின்படி கிம், இ, பாக் என்ற மூன்று குடும்பப் பெயர்களுக்குள்ளேயே கிட்டத்தட்ட 45 சதவீதம் பேர் அடங்கிவிடுகிறார்கள். ஓர் ஆபீஸில் “கிம்!” என்றால் எத்தனை தலை திரும்பும்! எனவே குடும்பப் பெயர், பதவி, கடைசியில் ‘நிம்’. கிம் என்ற துறைத் தலைவர் ‘கிம் புஜாங்நிம்’. நிறுவனத்தின் முதலாளி ‘சஜாங்நிம்’. எந்தக் கடைக்காரரையும் ‘சஜாங்நிம்’ என்று கூப்பிடலாம். நாம் டீக்கடைக்காரரை “முதலாளி” என்பது போல. ஓட்டுநர் ‘கிசாநிம்’. நிம்மும் ஸ்ஸியும் உங்கள் பெயரோடு நீங்களே சேர்க்கக் கூடாது.

குடும்பச் சொற்களில் கூப்பிடுகிறவர் ஆணா பெண்ணா என்பதும் முக்கியம். அண்ணனை ஆண் கூப்பிட்டால் ‘ஹ்யொங்’, பெண் கூப்பிட்டால் ‘ஓப்பா’. அக்காவை ஆண் கூப்பிட்டால் ‘நூனா’, பெண் கூப்பிட்டால் ‘ஒன்னி’. கொரிய சீரியல் பார்த்துவிட்டு நடிகர்களை ‘ஓப்பா’ என்று உருகும் தம்பிமார்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும். தம்பி, தங்கைக்குத் ‘தோங்செங்’ என்ற சொல் உண்டு, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட முடியாது. பெயர்தான். “தம்பி, இங்க வா” என்ற நம் வசதி அங்கே இல்லை.

‘ஒன்னி’ நமக்கு ‘அண்ணி’ போலக் கேட்கும். பெண்கள் அண்ணன் மனைவியைச் ‘சே-ஒன்னி’, அதாவது புது ஒன்னி என்பதுண்டு. அம்மாவுக்கு ‘ஒம்மா’, அப்பாவுக்கு ‘அப்பா’. இந்த ஒற்றுமைகளை வைத்து ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-இலேயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதிவிட்டார். மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. சொல் ஞாபகத்துக்கு உதவும், அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் அம்மாவை ‘இமோ’, அதாவது சித்தி என்று கூப்பிடுவார்கள். நம் ஊரில் “அக்கா, ரெண்டு இட்லி” மாதிரி. ‘அஜும்மா’ என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். முப்பத்தைந்து வயதுப் பெண்ணை “ஆன்ட்டி” என்று கூப்பிட்டால் என்ன கிடைக்குமோ அதுவே அங்கேயும் கிடைக்கும். ஒன்றும் தோன்றவில்லையா? “ஜொகியோ” போதும். ‘அங்கேங்க’ என்று அர்த்தம், புழக்கத்தில் ‘ஏங்க’.

அவர்களுக்கே தலைவலி

இந்த ஏற்பாட்டில் கொரியர்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கல்யாணமான பெண், கணவனின் தம்பியைத் ‘தோர்யொன்னிம்’ என்றும் தங்கையை ‘அகஸ்ஸி’ என்றும் அழைக்க வேண்டும். பழைய காலத்தில் வேலைக்காரர்கள் எஜமான் வீட்டுப் பிள்ளைகளை அழைத்த சொற்கள் அவை. கணவனோ, மனைவியின் தம்பியைச் ‘சொனாம்’, தங்கையைச் ‘சொஜே’ என்பதோடு முடித்துக்கொள்வான், ‘நிம்’ கிடையாது. பெண்கள் இதைக் கேள்வி கேட்டு, தேசிய கொரிய மொழி நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில் பெயரோடு ‘ஸ்ஸி’ சேர்த்துக் கூப்பிடலாமே என்று சொல்லும் அளவுக்கு வந்தது. எனக்கு அந்தப் பெண்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

ஆபீஸ்களும் மாறுகின்றன. சி.ஜே. குழுமம் 2000-இலேயே பதவிப் பெயர்களை விட்டுவிட்டு எல்லோரையும் பெயரும் ‘நிம்’மும் சேர்த்து அழைக்கச் சொன்னது. காக்காவோ நிறுவனம் ஊழியர்களுக்கு ஆங்கிலப் பெயர் வைத்துவிட்டது. டேனியல் என்பவருக்குத் துறைத் தலைவர் என்ற வால் ஒட்டாதல்லவா. 2002 உலகக் கோப்பைக்குக் கொரியக் கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுத்த டச்சுக்காரர் ஹிடிங்க், மைதானத்தில் ‘ஹ்யொங்’ கூடாது, பெயர்தான் என்றாராம். பந்து காலுக்கு வரும் நேரத்தில் யார் மூத்தவர் என்று கணக்குப் பார்க்க முடியுமா?

இன்னொரு பக்கம் மரியாதை அளவு மீறியும் போகிறது. காபிக் கடைகளில் “அமெரிகானோ நாஓஷொஸ்ஸும்னிதா” என்று கேட்கலாம். அந்த ‘ஷி’ காபிக்குப் போய்விட்டது. “காபி வந்துட்டாருங்க!” தப்பு என்று மொழி நிறுவனம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் முகம் சுளித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கவுன்டரில் நிற்கும் பிள்ளைகள் காபியையும் கும்பிட்டுவிடுகிறார்கள்.



மரியாதையை இறக்குவதற்கும் முறை இருக்கிறது. அதற்கு ‘மால் நோதா’, பேச்சைக் கீழே வைப்பது என்று பெயர். சம வயதென்றால் ஒருவர் கேட்டு மற்றவர் தலையாட்டினால் போதும். வயது வித்தியாசம் இருந்தால் சின்னவர் தானாக இறங்கக் கூடாது. பெரியவரிடம், நீங்கள் என்னிடம் சாதாரணமாகவே பேசுங்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். பெரியவர் இறங்குவார், சின்னவர் ‘யோ’விலேயே நிற்பார். நம் வீட்டிலும் மாமா நம்மை ‘வாடா’ என்பார், நாம் ‘வாங்க’ என்போம்.

வீட்டுக்காரப் பாட்டி முதல் இரண்டு மாதம் என்னிடம் ‘யோ’ போட்டே பேசிக்கொண்டிருந்தார், வெளிநாட்டுப் பையன் என்பதால். ஒருநாள் கிம்சித் தட்டை வாங்கிக்கொண்டு, சாதாரணமாகவே பேசுங்கள் பாட்டி என்று கேட்டுக்கொண்டேன். சிறியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது கொரியர்கள் கடைசியில் ‘ஆ’ சேர்ப்பார்கள், உயிரெழுத்தில் முடியும் பெயருக்கு ‘யா’. மறுநாள் காலை படிக்கட்டுக்குக் கீழிருந்து குரல் வந்தது: “சரபணனா! பாப் மொகொஸ்ஸொ?”

“நே, ஹல்மொனி. மொகொஸ்ஸொயோ” என்றேன். முதல் வாரம் நான் தப்பாகச் சொன்ன அதே சொல். சாப்பிட்டவன் நான் என்பதால் இந்த முறை சரி.